கடலின் வசந்தத்தைக் கணக்கிட்ட மேதை

தாவரவியல் வகுப்பில் கடலின் மிதவைத் தாவரங்களைப் பற்றிப் படித்ததிலிருந்து என் மனத்தைக் கவர்ந்தவர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப். உழவர் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு அவருடைய வரவு செலவுக் கணக்கு எளிதில் விளங்கியது.

1888-இல் நார்வேயில் பிறந்த அவர், அமுண்ட்சென் நடத்திய 'மாட்' கப்பல் பயணத்தின் விஞ்ஞானத் தலைவராக 1918 முதல் 1925 வரை பணியாற்றினார். வாரக்கணக்கில் கதிரவன் எழாத வடதுருவக் குளிர்காலங்களைக் கண்டவர் அல்லவா! ஒளியின் அருமையை அவரைவிட யார் அறிவார்? பின்னர் 1936 முதல் 1948 வரை கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தின் இயக்குநராக விளங்கினார்.

நம் பாடத்திற்கு உரியது அவருடைய 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை. சில பக்கங்களே! ஆழம் கூடக்கூட ஒளி குறைகிறது, ஒளிச்சேர்க்கையும் குறைகிறது. சுவாசமோ எங்கும் நிற்பதில்லை. குளிர்காலப் புயல்கள் நீரை வெகு ஆழம் வரை கலக்குவதால், தாவரம் பெரும்பொழுதை இருளில் கழிக்கிறது. வரவைவிடச் செலவு மிகுகிறது. வசந்தத்தில் கதிரவன் உயர, வரவும் செலவும் சமமாகும் 'மாறுநிலை ஆழம்' கீழே இறங்குகிறது. மேல்நீர் வெப்பமுற்று, கலங்கும் அடுக்கு மெலிகிறது. அது மாறுநிலை ஆழத்தினும் குறைந்தவுடன் தாவரங்கள் பெருகத் தொடங்குகின்றன. நார்வே கடலில் நின்ற வானிலைக் கப்பல் ஒன்று 1949-இல் திரட்டிய அளவீடுகளுடன் இதை அவர் ஒப்பிட்டுக் காட்டினார்.

பெருக்கம் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று கூறி, இக்கருதுகோளையே கைவிட வேண்டுமென 2010-இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். மறுப்பதற்கும் அவர் கணக்கிலிருந்துதானே தொடங்க வேண்டியிருக்கிறது!

1957-இல் அவர் மறைந்தார். நொடிக்கு 10 லட்சம் கன மீட்டர் நீரோட்டத்தைக் கடலியலார் ஒரு 'ஸ்வெர்ட்ரப்' என்றே வழங்குகின்றனர்.