பைத்தியம் தெளிவித்த உப்பு

அந்த வீட்டில் ஒரு குளிர்சாதனப் பெட்டி இருந்தது. அதற்குள் சாப்பாட்டுச் சாமான்கள் இருந்தன. கூடவே சில கண்ணாடி ஜாடிகளும் இருந்தன.

ஜாடிகளில் இருந்தது சிறுநீர்! அதுவும் பைத்தியம் பிடித்தவர்களின் சிறுநீர்!

நம் வீட்டில் யாராவது இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அந்த வீட்டு அம்மாள் பொறுத்துக்கொண்டார். அவர் நர்சாக வேலை பார்த்தவர். கணவர் டாக்டர். பிள்ளைகுட்டிகளோடு அவர்கள் குடியிருந்ததே ஒரு மனநோய் ஆஸ்பத்திரியின் காம்பவுண்டுக்குள்தான்.

அந்த டாக்டரின் பெயர் ஜான் கேய்ட். இடம், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தை அடுத்த பண்டூரா. அவர் கண்டுபிடித்த மருந்தை இன்று உலகம் முழுவதும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். அந்த மருந்து பல பேரைக் காப்பாற்றியது. சில பேரைக் கொன்றது. அவர் முதன்முதலாகக் குணப்படுத்திய மனிதரையும் அதுவே கொன்றது!

அந்தக் கதைதான் இது.

ஆஸ்பத்திரியே வீடு

ஜான் கேய்ட் 1912-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் மர்ட்டோவா. விக்டோரியா மாநிலத்தில் உள்ள சின்ன ஊர். தந்தை அங்கே டாக்டராக இருந்தார்.

முதல் உலக யுத்தம் வந்தது. தந்தை பட்டாளத்து டாக்டராகப் போனார். காலிப்போலியிலும் பிரான்சிலும் சண்டையைப் பார்த்தார். திரும்பி வந்தவர் பழைய மனிதராக இல்லை. மனம் களைத்துப் போயிருந்தது. ஊர் டாக்டராகத் தொழில் நடத்த அவரால் முடியவில்லை. அதை விட்டுவிட்டு, சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரியில் உத்தியோகத்துக்குச் சேர்ந்தார்.

டாக்டர் குடும்பம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். ஜானும் அவருடைய இரண்டு தம்பிகளும் அங்கேயே வளர்ந்தார்கள். ஊரார் பயந்து ஒதுங்கிய மனிதர்கள், இந்தப் பையன்களுக்கு அக்கம்பக்கத்தார்!

ஜான் நன்றாகப் படித்தார். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் 21-வது வயதில் டாக்டர் பட்டம் பெற்றார். கொஞ்ச காலத்தில் அவருக்கே கடுமையான நிமோனியா கண்டது. பிழைப்பாரா என்று இருந்தது. அப்போது பணிவிடை செய்த நர்ஸ் ஜீன். 1937-ல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். ஜாடிகளைப் பொறுத்துக்கொண்ட அம்மாள் இவர்தான்.

தந்தை வழியில் மகனும் மனநோய் டாக்டர் ஆனார்.

சிங்கப்பூர் சிறை

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. கேய்ட் பட்டாளத்தில் சேர்ந்தார். 1941-ல் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் ஆனது. கேய்ட் கைதியானார். சாங்கி சிறை முகாமில் மூன்றரை ஆண்டு கிடந்தார்.

அந்த மூன்றரை ஆண்டைப் பற்றி மலேயாத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் பேச்சு உண்டு. பட்டினி என்றால் என்ன என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். முகாமில் சத்தான உணவு இல்லை. கைதிகளுக்கு உடம்பு கெட்டது. சிலருக்குப் புத்தியும் தடுமாறியது. அதைக் கேய்ட் கண்ணால் பார்த்தார். உடம்பில் ஏதோ ஒன்று கூடினாலோ குறைந்தாலோ மனமும் கெடும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே வலுப்பட்டது.

1945-ல் விடுதலையானார். எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். பண்டூராவில், பட்டாளத்து வீரர்களுக்கான மனநோய் ஆஸ்பத்திரியின் பொறுப்பை ஏற்றார்.

ராஜாவும் ஏழையும்

அங்கே ஒரு வகை நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தூக்கமே கிடையாது. ஓயாமல் பேசுவார்கள். பாடுவார்கள். நாட்டையே விலைக்கு வாங்கப் போவதாகச் சொல்வார்கள். தடுத்தால் அடிக்க வருவார்கள். கட்டியிருக்கும் துணியைக் கிழிப்பார்கள். இதற்கு ஆங்கில வைத்தியத்தில் மேனியா என்று பெயர். மனக்கொந்தளிப்பு என்று சொல்லலாம்.

கொஞ்ச காலம் கழித்து அதே மனிதர் தலைகீழாக மாறிவிடுவார். படுக்கையை விட்டு எழமாட்டார். சோறு வேண்டாம். பேச்சு வேண்டாம். செத்தால் போதும் என்று இருப்பார். இது மனச்சோர்வு. நேற்று ராஜா, இன்று பரம ஏழை! இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

அந்தக் காலத்தில் இதற்கு மருந்தே இல்லை. பூட்டி வைப்பார்கள். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள். மின்சார அதிர்ச்சி கொடுப்பார்கள். சில ஊர்களில் மூளையையே அறுத்தார்கள்! மூளை அறுவைக்கு வழி காட்டிய போர்ச்சுகல் டாக்டர் ஈகாஸ் மோனிசுக்கு 1949-ல் நோபல் பரிசும் கிடைத்தது. பிறகு அந்த அறுவையின் கேடு தெரிந்து, டாக்டர்களே அதைக் கைவிட்டார்கள். மனநோய் ஆஸ்பத்திரி என்றால் ஜனங்கள் பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

சமையல் அறையில் ஆராய்ச்சி

கேய்ட் ஒரு கணக்குப் போட்டார். கழுத்தில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அதன் நீர் அதிகமாகச் சுரந்தால் மனிதன் படபடப்பான். குறைந்தால் மந்தமாவான். மனக்கொந்தளிப்பும் அப்படித்தானோ? ஏதோ ஒரு நஞ்சு உடம்பில் அதிகமாகிறதோ? அப்படியானால் அது சிறுநீரில் வெளியே வர வேண்டுமே!

ஆஸ்பத்திரியில் ஒரு பழைய சமையல் அறை சும்மா கிடந்தது. அதுதான் ஆராய்ச்சிக்கூடம். பெரிய கருவி ஒன்றும் கிடையாது. பண உதவியும் கிடையாது. நோயாளிகளின் சிறுநீரை எடுத்து, சீமைப் பெருச்சாளிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். சீமைப் பெருச்சாளி என்பது முயல்குட்டி போன்ற ஒரு சாதுவான பிராணி.

பல பிராணிகள் செத்தன. சிறுநீரில் உள்ள எந்தப் பொருள் கொல்லுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். அதில் ஒன்று யூரிக் அமிலம். அது தண்ணீரில் எளிதில் கரையாது. லித்தியத்தோடு சேர்ந்தால் கரையும். அதற்காகவே லித்தியத்தைச் சேர்த்தார்.

லித்தியம் ஒரு உலோகம். உலோகங்களில் எடை மிகக் குறைந்தது இதுதான். இதன் உப்பை 19-வது நூற்றாண்டிலேயே மூட்டுவலிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

லித்தியம் சேர்த்ததும் பிராணிகள் முன்போலச் சாகவில்லை. லித்தியம் உப்பை மட்டும் தனியாக ஏற்றிப் பார்த்தார். துள்ளிக்கொண்டிருந்த பிராணிகள் இரண்டு மணி நேரத்தில் அடங்கின. மல்லாக்கப் போட்டாலும் பேசாமல் கிடந்தன!

போட்ட கணக்கு தப்பு. சிறுநீரில் அவர் தேடிய நஞ்சு கிடைக்கவே இல்லை. பிராணிகள் அடங்கியதுகூட லித்தியம் சற்று அதிகமாகி, அதன் விஷத்தால் இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். தப்பான வழியில் போனவருக்குச் சரியான ஊர் வந்து சேர்ந்தது!

உடனே அவர் நோயாளிக்குக் கொடுத்துவிடவில்லை. முதலில் தாமே விழுங்கினார். தமக்கு ஒன்றும் நேரவில்லை என்று தெரிந்த பிறகே நோயாளியிடம் போனார்.

முதல் நோயாளி

கேய்ட் தம் கட்டுரையில் அந்த நோயாளியின் பெயரைச் சொல்லவில்லை. டபிள்யூ. பி. என்ற இரண்டு எழுத்து மட்டும் குறித்தார். வயது 51. ஐந்து ஆண்டாகக் கொந்தளிப்பு அடங்கவே இல்லை. அழுக்காக இருப்பார். கையில் கிடைத்ததை உடைப்பார். எல்லாருடைய காரியத்திலும் தலையிடுவார். அந்த வார்டிலேயே பெரிய தொல்லை அவர்தான். இனி வீடு திரும்புவார் என்று யாரும் நினைக்கவில்லை.

1948-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி மருந்து தொடங்கியது. சில நாட்களில் ஆள் அமைதியானார். மூன்று வாரத்தில், குணமாகி வருகிறவர்களின் வார்டுக்கு மாற்றினார்கள். ஜூலையில் வீட்டுக்கே போய்விட்டார்! பழைய வேலையிலும் மறுபடி சேர்ந்தார்.

ஐந்து ஆண்டு கழித்து வீடு வந்த மனிதரை அந்த வீடு எப்படி வரவேற்றிருக்கும்! எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு என்ன ஆயிற்று? நம் வீடுகளில் ஆவதுதான் ஆயிற்று. உடம்பு நன்றாக இருந்தது. மருந்தில் கவனம் குறைந்தது. கடைசியில் அடியோடு நிறுத்திவிட்டார். சில வாரங்களில் பழைய கொந்தளிப்பு வந்தது. 1949 ஜனவரியில் மறுபடியும் ஆஸ்பத்திரி. மறுபடியும் லித்தியம். மறுபடியும் தெளிந்தார்.

கேய்ட் இப்படி 10 பேருக்கு மருந்து கொடுத்தார். எல்லாரும் கொந்தளிப்பு நோயாளிகள். அவர்களிடம் பலன் கண்கூடாகத் தெரிந்தது. வேறு வகை மனநோயாளிகள் சிலருக்கும் கொடுத்தார். அவர்களிடம் அவ்வளவு பலன் இல்லை. 1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். மருந்து அளவு மீறினால் விஷம் என்றும் அதில் எச்சரித்தார்.

கொன்ற உப்பு

அதே 1949-ல் அமெரிக்காவில் ஒரு விபரீதம் நடந்தது. இருதய நோய்க்காரர்கள் சாப்பாட்டு உப்பைக் குறைக்க வேண்டும் அல்லவா? அவர்களுக்காகக் கடைகளில் ஒரு மாற்று உப்பு விற்றார்கள். அது லித்தியம் உப்பு! ஜனங்கள் அதை உணவில் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பலருக்கு விஷம் ஏறியது. சிலர் இறந்தார்கள். அமெரிக்க சர்க்கார் அதன் விற்பனைக்குத் தடை போட்டது. லித்தியம் என்ற பெயரைக் கேட்டாலே டாக்டர்களும் அஞ்சினார்கள்.

பண்டூராவிலும் இடி விழுந்தது. டபிள்யூ. பி.க்கு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. நிறுத்தினால் கொந்தளிப்பு. கொடுத்தால் உடம்பு தாங்கவில்லை. 1950-ம் ஆண்டு மே மாதம் அவர் இறந்தார். லித்தியம் விஷமே காரணம்.

கேய்ட் லித்தியத்தை நிறுத்திவிட்டார். தாம் கண்டுபிடித்த மருந்தைத் தாமே ஒதுக்கி வைத்தார்! இதை அவருடைய தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம் மருந்தால் ஒருவர் செத்தார் என்று தெரிந்தும் விடாப்பிடியாகக் கொடுத்த டாக்டர்கள் சரித்திரத்தில் உண்டு. அவர்களால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை போயிற்று.

ரத்தத்தில் அளந்தார்கள்

மருந்தின் மேல் குற்றம் இல்லை. அளவு தெரியாததுதான் குற்றம். லித்தியத்தில் குணம் செய்யும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஆகவே ரத்தத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த டிராட்னர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த வேலையில் இறங்கினார்கள். 1951-ல் நூறு பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்து விவரம் வெளியிட்டார்கள். ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுத்தால் ஆபத்தைத் தடுக்கலாம் என்று காட்டினார்கள்.

டென்மார்க் டாக்டர் மோகன்ஸ் ஷூ 1954-ல் இன்னும் கண்டிப்பான சோதனை நடத்தினார். சில நோயாளிகளுக்கு லித்தியம், சில சமயம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று கொடுத்து ஒப்பிட்டார். கேய்ட் சொன்னது உண்மை என்று தெரிந்தது. ஷூவின் சொந்தத் தம்பிக்கே மனச்சோர்வு நோய் உண்டு. ஆகையால் அவருக்கு இதில் இரட்டிப்பு அக்கறை.

அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. 1968-ல்கூட லண்டன் டாக்டர்கள் இருவர், லித்தியம் நோயை வராமல் தடுக்கும் என்பது வெறும் நம்பிக்கையே என்ற பொருள்பட எழுதினார்கள். ஷூவின் கூட்டத்தார் மறுபடி சோதித்து, 1970-ல் முடிவை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவும் கொந்தளிப்பு நோய்க்கு லித்தியத்தை அனுமதித்தது. கேய்ட் எழுதி 21 ஆண்டு ஆகிவிட்டது! லித்தியம் இயற்கையில் உள்ள பொருள். யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. லாபம் இல்லாத சரக்கை விளம்பரம் செய்ய மருந்துக் கம்பெனிகள் முன்வரவில்லை. அதுவும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

சோர்வு மருந்தின் சிக்கல்

இதற்கு இடையில், 1950-களில் மனச்சோர்வுக்கும் மாத்திரைகள் வந்தன. முதல் மாத்திரை தற்செயலாகக் கிடைத்தது. நியூயார்க்கில் காசநோய்க்காரர்களுக்கு ஒரு புது மருந்து கொடுத்தார்கள். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து ஆடிப்பாடத் தொடங்கினார்கள்! பிறகு அதையே மனச்சோர்வுக்குக் கொடுத்தார்கள்.

சோர்வு மாத்திரையால் பல பேர் எழுந்து நடமாடினார்கள். ஆனால், ஒரு சிக்கல் தெரிந்தது. இரண்டு முக நோய் சிலருக்கு முதலில் மனச்சோர்வாக மட்டுமே தலைகாட்டும். மறுமுகம் உள்ளே ஒளிந்திருக்கும். அவருக்குச் சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால், சோர்வு நீங்குவதோடு நிற்காமல் சில சமயம் கொந்தளிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். தூக்கம் போகும். பேச்சு பெருகும். பணம் பறக்கும்.

வீட்டார் என்ன நினைப்பார்கள்? சும்மா அழுதுகொண்டிருந்தவனை டாக்டர் பைத்தியமாக்கிவிட்டார் என்பார்கள். அவர்கள் கண்டது பொய் இல்லை. மாத்திரைக்குப் பிறகுதானே வந்தது! ஆகையால் இப்போது டாக்டர்கள் மாத்திரை எழுதுவதற்கு முன், முன்பு எப்போதாவது இப்படி ஆட்டம் பாட்டமாக இருந்தாரா, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று வீட்டாரிடம் கேட்கிறார்கள். இரண்டு முக நோய் என்று தெரிந்தால், லித்தியம் போல மனத்தைச் சமனாகப் பிடித்து நிறுத்தும் மருந்தைக் கொடுக்கிறார்கள். சோர்வு மாத்திரை தேவைப்பட்டால் அதன் துணையோடுதான். மாத்திரை தொடங்கியபின் தூக்கம் குறைந்து பேச்சு அதிகமானால், மருந்தைத் தாமாகவே தூக்கி எறியாமல் உடனே டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்றும் ரத்தச் சோதனை உண்டு. சிறுநீரகமும் தைராய்டும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள்.

கடைசி நாட்கள்

கேய்ட் 1952-ல் மெல்போர்னில் உள்ள ராயல் பார்க் மனநோய் ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டராகப் போனார். 25 ஆண்டு அங்கே இருந்தார். அதிகார மிரட்டலைக் குறைத்தார். நோயாளிகளைக் கூட்டமாக உட்கார வைத்துப் பேசவிடும் முறையைக் கொண்டுவந்தார். ரத்தத்தில் அளக்கும் முறை வந்த பிறகு லித்தியத்தையும் மறுபடி கையில் எடுத்தார்.

வெளிநாட்டுப் பரிசுகள் 1970-களில்தான் அவரைத் தேடி வந்தன. ஒரு பரிசை ஷூவும் அவரும் சேர்ந்து பெற்றார்கள். 1977-ல் ஓய்வு பெற்றார். 1980-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி காலமானார். மனைவி ஜீனும் நான்கு மகன்களும் அப்போது உயிரோடு இருந்தார்கள்.