ஒரே காலையில் பறிக்கப்பட்ட பிரஷ்ய ஆட்சி: ஓட்டோ பிரவுனின் அரசியல் வாழ்க்கை

முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் பரப்பிலும் மக்கள்தொகையிலும் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பிரஷ்யா என்ற ஒரே மாநிலத்திடம் இருந்தது. சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ பிரவுன், இரு குறுகிய இடைவெளிகள் நீங்கலாக, 1920 முதல் 1932 வரை அதன் முதலமைச்சராக இருந்தார். அதே காலத்தில் மத்தியில் ஒன்பது பேர் சான்சலர் பதவிக்கு வந்தனர்.

1872 ஜனவரி 28 அன்று கோனிக்ஸ்பெர்க் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்த பிரவுன், கல்லச்சுத் தொழில் பயின்றவர். இளம் வயதிலேயே கட்சியில் சேர்ந்து, கிழக்குப் பிரஷ்யாவின் பெருநிலக்கிழார்களிடம் உழைத்த பண்ணைத் தொழிலாளர்களை அணிதிரட்டினார். அக்காலப் பிரஷ்யாவில் வரி செலுத்தும் அளவைப் பொறுத்தே வாக்கின் மதிப்பு அமைந்தது. 1913 தேர்தலில் கால் பங்குக்கும் மேலான வாக்குகளைப் பெற்ற அவரது கட்சிக்கு 443 இடங்களில் கிடைத்தவை 10 மட்டுமே. அந்தப் பத்துப் பேரில் பிரவுனும் ஒருவர்.

1918-இல் முடியாட்சி வீழ்ந்ததும் வேளாண் அமைச்சரானார். 1920 மார்ச்சில் காப் தலைமையிலான ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியைத் தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தம் முறியடித்தது. அதையடுத்து முதலமைச்சர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. கத்தோலிக்க மையக் கட்சியையும் தாராளவாதிகளையும் அரவணைத்துக் கூட்டணி நடத்தினார்; நிர்வாகத்திலும் காவல்துறையிலும் குடியரசுக்கு விசுவாசமானவர்களை நியமித்தார். அவரது பிடியின் உறுதி கண்டு சிவப்பு ஜார் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பேச்சாற்றலால் கூட்டத்தைக் கவர்ந்தவர் அல்லர். நிர்வாகமே அவரது பலம்.

1925 குடியரசுத் தலைவர் தேர்தலின் முதற்சுற்றில் 29 சதவீத வாக்குகளுடன் இரண்டாமிடம் பெற்ற பின், மையக் கட்சி வேட்பாளருக்காக அவர் விலகிக்கொண்டார். வென்றவரோ முடியாட்சி ஆதரவாளரான முதுபெரும் தளபதி ஹிண்டன்பர்க். வேட்டையில் நாட்டம் கொண்ட இருவருக்கும் இடையே சில காலம் நல்லுறவு நிலவியது. 1932-இல் ஹிட்லரைத் தடுக்க வேண்டி, அதே ஹிண்டன்பர்க்கின் மறுதேர்வுக்காகப் பிரவுனும் அவரது கட்சியும் உழைத்தனர்.

ஏப்ரல் 24 அன்று நடந்த பிரஷ்யத் தேர்தலில் நாஜிகள் 162 இடங்களைப் பிடித்தனர். எவருக்கும் பெரும்பான்மை அமையாததால், பிரவுன் அமைச்சரவை காபந்து அரசாக நீடித்தது. உடல் நலிந்திருந்த அவர் விடுப்பில் சென்றார். ஆல்டோனா நகரில் நடந்த இரத்தக்களரியைக் காரணம் காட்டி, ஜூலை 20 அன்று சான்சலர் பாப்பன் அந்த அரசை நீக்கினார். ஆணையில் ஹிண்டன்பர்க்கின் கையொப்பம் இருந்தது. பெர்லினில் இராணுவ நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது.

பிரஷ்யக் காவல்துறை எதிர்த்து நிற்கவில்லை. 1920-இல் கைகொடுத்த வேலைநிறுத்தத்துக்கும், பல இலட்சம் பேர் வேலையின்றித் தவித்த அந்த ஆண்டில் வழியில்லை. இரத்தம் சிந்தித் தோற்பதைவிட நீதிமன்றமே மேல் என்று அரசு முடிவெடுத்தது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் குடியரசின் கடைசி அரண் கைமாறியது அன்றுதான். அக்டோபரில் லைப்சிக் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு பிரவுன் தரப்புக்கு ஓரளவு சாதகமாக இருந்தும், அதிகாரம் திரும்பவில்லை.

ஹிட்லர் சான்சலரான பின், 1933 மார்ச் தொடக்கத்தில் பிரவுன் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். போருக்குப் பின் பிரஷ்ய அரசை மீட்க அவர் எடுத்த முயற்சியை நேசநாடுகள் ஏற்கவில்லை. 1947 பிப்ரவரி 25 அன்று அவை பிரஷ்யா என்ற மாநிலத்தையே சட்டப்படி கலைத்தன. 1955 டிசம்பர் 15 அன்று லொகார்னோவில், தமது 83-ஆம் வயதில் பிரவுன் காலமானார்.