சீர்காழி தந்த நூலகத் தந்தை



சீர்காழி என்றவுடன் நமக்கெல்லாம் திருஞானசம்பந்தர் நினைவுக்கு வருவார். சட்டைநாதர் கோயில் குளக்கரையில் அம்பிகையிடம் ஞானப்பால் உண்ட குழந்தையின் கதையை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். அதே ஊரில் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிறந்த இன்னொருவரைப் பற்றி இந்த இதழில் எழுத விரும்புகிறோம். அவர் எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவர் பெயரின் முதல் எழுத்து சீர்காழியைக் குறிக்கிறது. ஆங்கிலேயர் ஷியாலி என்று எழுதியதால் அது 'எஸ்' ஆயிற்று.

இந்த மாதம் அவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. நமது சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் சுமார் நானூறு தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. விசாவை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் விட்டுச் சென்றவை பல. விடுமுறைக்குப் போனவர்கள், முறுக்கையும் ஊறுகாயையும் குறைத்துக்கொண்டு முப்பது கிலோவுக்குள் அடக்கிக் கொண்டுவந்தவை சில. அலமாரிக்குப் பூட்டு உண்டு, சாவி ஒருவர் வீட்டில் இருக்கிறது. சென்ற பொதுக்குழுவில் இந்தப் பூட்டைப் பற்றி நடந்த காரசாரமான விவாதத்தை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திறந்து வைத்தால் புத்தகம் காணாமல் போகும் என்றனர் சிலர். பூட்டி வைத்தால் யாருக்காக வைத்திருக்கிறோம் என்று கேட்டனர் சிலர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அன்று இரவு வீடு திரும்பும்போது நமக்கு ரங்கநாதன் அவர்களின் நினைவுதான் வந்தது.

அவருடைய தந்தையார் ராமாமிருத ஐயர் சிறிய அளவில் நிலபுலன் உள்ளவர். அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வைத்து இராமாயணம் வாசித்துப் பொருள் சொல்லும் பழக்கம் உள்ளவர். ரங்கநாதனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமானார். பிள்ளைக்குத் திக்குவாய் வேறு. விடாமுயற்சியால் அதைப் பெரிதும் கட்டுக்குள் கொண்டுவந்து, சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் பி.ஏ.யும் எம்.ஏ.யும் பெற்றார். அங்கே எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர் அவருக்குக் குருவாக வாய்த்தார். அந்த உறவு கல்லூரியோடு முடியவில்லை என்பதைப் பின்னால் காண்போம். 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் கற்பித்தார். மாணவர்கள் நடுவில் நின்று பேசுவதில் அவருக்குப் பெரும் ஆனந்தம்.

ஆசிரியர் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது சிரமமாக இருந்த அந்தச் சமயத்தில், சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உண்டாக்கியது. சம்பளம் கூடுதல். விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய தொள்ளாயிரம் பேர். முறையாக நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவரும் இல்லை. ரங்கநாதன் அவர்களுக்குத் தெரிந்ததும், நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்னால் கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரே ஒரு கட்டுரைதான். அவருக்கே வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சில நாட்களிலேயே அவருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. வாசகர்கள் வருவதே அபூர்வம். வகுப்பறையின் கலகலப்புக்குப் பழகியவருக்கு, மௌனமான அலமாரிகளுக்கு நடுவே தனியே உட்கார்ந்திருப்பது சிறைவாசம் போல் இருந்தது. பழைய கல்லூரிக்கே போய், என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். வளைகுடாவுக்கு ஒரு வேலை என்று சொல்லி அழைத்துவரப்பட்டு, வந்திறங்கிய பின் வேறு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை! அவருக்கு ஓர் உடன்பாடு கிடைத்தது. இங்கிலாந்து சென்று நூலகக் கல்வி பயின்று வாருங்கள், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் ஆசிரியர் வேலைக்கே திரும்பலாம் என்றார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கற்பித்தவர்களில் ஒருவரான பெர்விக் சேயர்ஸ், குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகராகவும் இருந்தார். பாடத்தைவிட அந்தப் பொது நூலகம்தான் ரங்கநாதன் அவர்களை மாற்றியது என்பது நமது எண்ணம். அங்கே அவர் செய்முறைப் பயிற்சி பெற்றார். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளியும் குடும்பப் பெண்ணும் சிறு பிள்ளையும் தாமே அலமாரி வரை சென்று புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டுவதைக் கண்டார். நூலகர் மேசைக்குப் பின்னால் காவலுக்கு உட்காராமல், எழுந்து வந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதைக் கண்டார். வகுப்பறையில் ஐம்பது பேருக்கு ஒரே பாடம் சொல்லலாம். இங்கே வருகிற ஒவ்வொருவரும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவருடைய தேவையும் வேறு. கணித ஆசிரியரின் மனம் நூலகத்தின் பக்கம் சாய்ந்தது அங்கேதான்.

லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் என்ற பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் வரும், பாலமும் வரும். நூல்களின் பொருளையும் இப்படிச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தஞ்சை மாவட்டத்து நெற்பயிரின் நோய் பற்றி ஒரு நூல் வந்தால், பயிர், நோய், இடம் என்று தனித்தனி எண்கள் தந்து, நடுவே புள்ளிக்குறிகள் இட்டுச் சேர்க்கலாம். 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை என்னும் புகழ் பெற்ற நூற்பகுப்பு முறைக்கு அந்தப் பொம்மைதான் வித்து. கப்பலில் ஊர் திரும்பும்போதே அதை வரையத் தொடங்கிவிட்டார்.

அவர் 1925-இல் சென்னை திரும்பினார். அதே 1925-ஆம் ஆண்டைத்தான் நம் பக்கத்து ஷார்ஜாவில் பொது நூலகத்தின் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகிறார்கள். அப்போதைய ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் சக்ர் அல் காசிமி சேர்த்து வைத்த நூல்களே அதன் தொடக்கம். எண்ணெய் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு, முத்துக் குளிப்பும் தோணி வியாபாரமுமாக இருந்த ஊர் அது. துபாயில் அல் ராஸ் பகுதிப் பொது நூலகம் 1963-இல் வந்தது. அந்த வழியாக நம்மில் எத்தனையோ பேர் மளிகை வாங்கப் போயிருக்கிறோம், உள்ளே போனவர்கள் மிகக் குறைவு.

சென்னைக்கு வந்த ரங்கநாதன் அவர்கள் ஆசிரியர் வேலையைக் கேட்கவே இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்களை அலமாரி வரை அனுமதித்தார். திறந்திருக்கும் நேரத்தை அதிகமாக்கினார். வருபவர்களுக்கு உதவுவதற்கென்றே பணியாளர்களை நிறுத்தினார். தாமும் வாசகர்கள் நடுவே நடமாடினார். தேடி வருபவர் சொல்லத் தெரியாமல் தயங்குவதைப் பார்த்து, நான்கு கேள்வி கேட்டு, அவருக்கு உண்மையில் எது வேண்டும் என்று கண்டுபிடிப்பது ஒரு கலை என்பதை அங்கேதான் கற்றார். தலைமை என்றால் உயரமான நாற்காலி என்று நினைக்கிறோம். அவர் கற்ற தலைமை, எதிரே நிற்பவரின் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்பதில் தொடங்கியது. சங்கக் காரியங்களில் பல வருடம் உழன்ற நமக்கு, இது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்து, அதன் செயலாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார். அடுத்த ஆண்டே நூலகர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி வகுப்பு ஆரம்பமானது. தமக்குத் தெரிந்ததைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல், மாவட்டங்களுக்குப் போய் நூலகம் நடத்தக்கூடிய ஆட்களை உருவாக்கினார். இந்த ஒன்றில் நமது சங்கம் அவரிடம் தோற்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். இங்கே ஒரு செயலாளர் ஊருக்குப் போனால், கணக்கு நோட்டு எங்கே என்று தேடுவதிலேயே மூன்று மாதம் போய்விடுகிறது.

நூலக வேலைகள் நூறு இருக்கின்றனவே, இவற்றுக்கெல்லாம் அடிப்படையாகச் சில விதிகள் இருக்க வேண்டுமே என்று அவருடைய கணித மூளை தேடியது. ஒரு மாலை, பழைய குரு ராஸ் வந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் முதல் விதி தெளிவாயிற்று. புத்தகம் இருப்பது பயன்படுத்தப்படுவதற்காகவே என்பது அதன் சாரம். மற்றவை அதிலிருந்து பிறந்தன. வாசிக்க வரும் எவருக்கும் அவருக்குரிய நூல் உண்டு. எந்த நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் உயிருள்ள ஜீவன் போல் வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த ஐந்து விதிகள் பற்றிய அவருடைய நூல் 1931-இல் வெளியாயிற்று. நூலகவியல் பயிலும் மாணவர்கள் பல நாடுகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

முதல் விதியை விளக்கும்போது, பழைய ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை அவர் எடுத்துக் காட்டுகிறார். கையால் எழுதிய காலத்தில் புத்தகம் விலை மதிப்பற்றது, காவல் தேவைப்பட்டது. அச்சு வந்து புத்தகம் மலிந்த பிறகும் சங்கிலியை அவிழ்க்க மனம் வரவில்லை. நமது கண்ணாடி அலமாரியின் பூட்டும் அந்தச் சங்கிலியின் வம்சம்தான். தொலைந்துபோகும் சில புத்தகங்கள் நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் திறக்காமலே மஞ்சள் பூத்துப்போன புத்தகங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்த நூல் வந்த 1931-ஆம் ஆண்டு அக்டோபரில், மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். நூலக இயக்கம் தஞ்சைத் தரணியில் எந்த அளவுக்கு ஊறியிருந்தது என்பதற்கு இது சான்று.

கிராமங்களுக்கு நூலகம் நிரந்தரமாகக் கிடைக்க வேண்டுமானால் தர்மத்தை நம்பிப் பயனில்லை, சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் அவர்கள் கருதினார். 1930-இல் காசியில் நடந்த கல்வி மாநாட்டில் மாதிரி நூலக மசோதா ஒன்றை முன்வைத்தார். அதன் பின் சென்னைச் சட்டசபையில் எடுத்த முயற்சி கைகூடவில்லை. அவர் சளைக்கவில்லை. கடைசியில் 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. சொத்து வரியோடு ஒரு சிறு தொகை நூலக வரியாகச் சேரும். நம் ஊர்களில் இன்றும் உள்ள கிளை நூலகங்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவை. பள்ளி விடுமுறையில் அங்கே வார இதழுக்கு முண்டியடித்தது நம் தலைமுறைக்கு மறக்காது. பதினெட்டு வருடக் காத்திருப்பின் பலனை அனுபவித்தோம் என்று அப்போது நமக்கு யார் சொன்னார்கள்!

1945-இல் சென்னைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்று, இரண்டு வருடங்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களைத் தாமே பகுத்து ஒழுங்கு செய்தார். பிறகு டில்லி, சூரிச், கடைசியாகப் பெங்களூர். 1957-இல் பத்மஸ்ரீ விருதும், 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் வந்தன. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். அவர் பிறந்த நாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்டு 12 இந்தியாவில் நூலகர் தினமாக அனுசரிக்கப்படுகிறது.

அவருடைய வாழ்வில் நாம் தயங்கி நிற்கும் இடமும் ஒன்று உண்டு. சென்னையில் பணியாற்றிய இருபது ஆண்டுகளில் விடுப்பே எடுக்கவில்லை என்றும், திருமண நாளன்றே பிற்பகல் நூலகத்துக்கு வந்துவிட்டார் என்றும் பெருமையாகச் சொல்வார்கள். முதல் மனைவி ருக்மிணி அம்மையார் 1928-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு கைப்பிடித்த சாரதா அம்மையார்தான் அந்தப் பிற்பகலுக்கு உரியவர். அந்த வீட்டின் நாட்கள் எப்படி நகர்ந்தன என்பதை எந்த மலரும் எழுதுவதில்லை. பிள்ளைகள் தூங்கிய பின் வீடு திரும்பும் தகப்பன்மார் நிறைந்த இந்த ஊரில், அதை மட்டும் முன்மாதிரியாகக் காட்ட நமக்கு மனமில்லை. ஆனால் அவரும் நன்றி மறந்தவர் அல்லர். எளிமையாக வாழ்ந்து சேர்த்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, நூலகவியலுக்கென ஏற்படுத்திய பேராசிரியர் பதவிக்குச் சாரதா அம்மையாரின் பெயரையும் சேர்த்து வைத்தார். ஐம்பதுகளில் ஒரு லட்சம் என்றால் என்ன என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி நமது அலமாரிக்கு வருவோம். செயற்குழு மறுபடி கூடிப் பேசி, ஆறு மாதம் சோதனையாகப் பூட்டை எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறது. சனிக்கிழமை மாலை பூஜை முடிந்ததும் இரண்டு மணி நேரம் அலமாரி திறந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருவர் முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பெரியவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். புத்தகம் எடுப்பவர் பெயரையும், கேட்டுக் கிடைக்காத நூல்களின் பெயரையும் பிள்ளைகளே நோட்டில் குறிப்பார்கள். தமிழ் எழுதத் தயங்கும் பிள்ளைகளும் தாராளமாக வரலாம், எழுத எழுத வந்துவிடும். ஆறு மாதம் கழித்து எத்தனை புத்தகம் குறைந்தது, எத்தனை பேர் படித்தார்கள் என்ற இரண்டு கணக்கையும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் அந்த நோட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். சிறுவர் கதைப் புத்தகங்கள் மிகவும் குறைவாக இருக்கின்றன.