கத்தாழை மீனின் பெயருக்குள் ஒரு தரங்கம்பாடிக்காரர்!

மீன் மார்க்கெட்டுக்குப் போனால் நம் கண் முதலில் வஞ்சிரத்தைத் தேடும், அப்புறம் சங்கராவை. ஓரத்தில் குவிந்து கிடக்கிற கத்தாழையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால், அந்தக் கத்தாழைக்கு 230 வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. அந்தக் கதை நடந்தது நம்ம காவிரி டெல்டாவில்!

கத்தாழையில் ஒரு வகைக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர், ஜானியஸ் கருட்டா. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'கருட்டா' எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? வேறொன்றுமில்லை, நம்ம 'கருத்த'தான். மீனவர்கள் 'கருத்த கத்தாழை' என்று சொன்னது அப்படியே லத்தீன் பெயராகிவிட்டது. சரி, முன்னால் இருக்கிற 'ஜானியஸ்' யார்?

அவர் பெயர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1747-ல் ஜெர்மனியில் பிறந்தவர். ஹாலே நகரில் படித்துவிட்டு, 1771-ல் மதபோதகராகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24 கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. உங்களில் பலர் முதல் வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்புகிற வயசு அது.

தரங்கம்பாடி அப்போது டென்மார்க்கின் கையில் இருந்தது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் அது. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் கடல். இயற்கையை ரசிக்கிற ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஜான் வருவதற்கு முன்பே அங்கே கோனிக் என்றொரு மருத்துவர் இருந்தார். செடி, கொடி, விலங்குகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் நேரடி மாணவர். தரங்கம்பாடி மிஷனில் இருந்தவர்களுக்கு இயற்கை ஆராய்ச்சி ஆசையைத் தொற்றவைத்தது இவர்தான். அந்த ஆசை ஜானைக் கடைசிவரை விடவில்லை.

கரையில் ஒதுங்கும் சிப்பி, சங்கு, வலையில் சிக்கும் மீன், வயலில் நெளியும் பாம்பு என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் சேகரித்துப் பதப்படுத்தி, கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஒரு பெட்டி போய்ச் சேர மாதக்கணக்காகும். பதில் வர இன்னும் பல மாதங்கள்!

அவர் அனுப்பிய மீன்கள் போய்ச் சேர்ந்த இடம் பெர்லின். மார்க்கஸ் எலீசர் பிளாக் என்ற மருத்துவர் அங்கே உலக மீன்களைப் பற்றிப் படங்களோடு பெரிய பெரிய புத்தகங்கள் போட்டுக்கொண்டிருந்தார். இந்தியப் பக்கமே வராத மனிதர். தரங்கம்பாடியிலிருந்து வந்த மாதிரிகளை வைத்துத்தான் நம்ம கடல் மீன்களை விவரித்தார். நன்றிக்கடனாக, 1792-ல் ஒரு செப்பிலி வகைக்கும், 1793-ல் கத்தாழையின் பேரினம் ஒன்றுக்கும் ஜானின் பெயரை வைத்தார். இன்று அந்த ஜானியஸ் பேரினத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மீன் வகைகள் இருக்கின்றன.

மோசடிச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் மண்ணுளிப் பாம்பு தெரியும்தானே? அதன் அறிவியல் பெயரிலும் ஜான் இருக்கிறார். 1801-ல் அந்தப் பெயரை வைத்தவர் பேட்ரிக் ரஸ்ஸல்.

ஜான் பொருளை மட்டும் அனுப்பவில்லை, ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்பினார். 'பனையேறி' என்ற பெயர் இப்படித்தான் பெர்லினுக்குப் போனது. மழைக்காலத்தில் வயலிலும் வாய்க்காலிலும் துள்ளும் பனையேறிக் கெண்டையைத்தான் சொல்கிறேன். அந்த மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்ததாக எழுதிய டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரியும் தரங்கம்பாடியில் இருந்தவர்தான்.

தமிழ் மேல் ஜானுக்கு இருந்த பிடிப்புக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. ஔவையாரைப் பற்றிக் கட்டுரை எழுதி, ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, கல்கத்தாவின் ஆசியக் கழக இதழில் வெளியிட்டார். வயசான காலத்தில் 15 தமிழ்ப் பள்ளிகள், 5 ஆங்கிலப் பள்ளிகள் என இலவசப் பள்ளிகளை நடத்தி, அந்த அனுபவத்தை அறிக்கையாக எழுதினார்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. மதப் பணிக்கு வந்தவருக்குச் சிப்பியும் மீனும் எதற்கு என்ற குறை அவர் மேல் உண்டு. 1808-ல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைப் பிடித்துக்கொள்ள, டென்மார்க்கிலிருந்து வர வேண்டிய பணமும் தடைபட்டது. அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் பள்ளிகளை நடத்தினார். 1813-ல் தரங்கம்பாடியிலேயே காலமானார். வந்த இடத்தில் 42 வருஷம்!

'அதெல்லாம் சரி, இப்ப நமக்கு இதுல என்ன இருக்கு?' என்று கேட்கிறீர்களா? அவர் பெயர் தாங்கிய செப்பிலியையே எடுத்துக்கொள்வோம். மையில் தொட்ட கட்டைவிரலை முதுகில் வைத்து எடுத்த மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். இந்த மீன் குஞ்சாக இருக்கும்போது ஆற்று முகத்துவாரத்திலும் அலையாத்திக் காட்டிலும் வளரும். பெரிதானதும் பவளப்பாறைப் பக்கம் போய்விடும்.

காவிரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிற கடலோரத்தில் பவளம் வளராது. அதற்குத் தெளிந்த உப்புநீர் வேண்டும். அதனால்தான் நம்ம பவளப்பாறைகள் தெற்கே, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கின்றன. டெல்டாவின் பங்கு வேறு. முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகள்தான் இந்த மாதிரி மீன்களுக்குத் தொட்டில். ஆற்று நீர் போய்ச் சேராவிட்டால் காடு வாடும். தொட்டில் போனால் பாறைக்குப் போக மீன் ஏது?

இங்கேதான் இன்றைய மரபணு ஆராய்ச்சி வருகிறது. மீனின் துடுப்பில் சின்னத் துண்டு எடுத்து, டி.என்.ஏ-வைப் படிக்கிறார்கள். ஒரு கடலோரத்து மீனும் இன்னொரு கடலோரத்து மீனும் ஒரே கூட்டமா, தனித்தனிக் கூட்டமா என்பது அதில் தெரியும். ஒரே கூட்டம் என்றால், ஓரிடத்தில் குறைந்தாலும் இன்னோர் இடத்திலிருந்து குஞ்சுகள் நீரோட்டத்தில் வந்து சேரும். தனிக் கூட்டம் என்றால், இங்கே பிடித்துத் தீர்த்துவிட்டால் ஈடுகட்ட வெளியிலிருந்து எதுவும் வராது. மீனவக் குடும்பங்களின் சோறு இதில்தான் இருக்கிறது.

இந்த ஆய்வு எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான். இது எந்த மீன், எங்கே பிடித்தது? அதில் தப்பு வந்தால் பின்னால் வரும் கணக்கு அத்தனையும் தப்பு. எந்த மாதிரியை வைத்து ஒரு பெயர் வைக்கப்பட்டதோ, சந்தேகம் வரும்போது அந்த மாதிரியிடம்தான் திரும்பிப் போக வேண்டும். பிளாக்கின் சேகரிப்பில் மிஞ்சியவை இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. தரங்கம்பாடி மீன்களும் அதில் உண்டு.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஜானுக்குப் பெயர் கிடைத்தது. கட்டுமரத்தில் போய் மீனைப் பிடித்து, பெயரும் சொல்லிக் கொடுத்த மீனவர்களின் பெயர் எந்த மீனிலும் இல்லை. அவர்கள் வாயிலிருந்து வந்த 'கருத்த' என்ற ஒரு சொல் மட்டும், ஜானின் பெயருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த முறை மார்க்கெட்டில் தெரியாத மீன் ஒன்றைப் பார்த்தால், போனில் ஒரு படம் எடுங்கள். விற்கிற அக்காவிடம் பெயர் கேளுங்கள். எந்த ஊர்க் கடல் என்றும் கேட்டுத் தேதியோடு குறித்து வையுங்கள். ஜான் செய்த வேலையும் இதுதான். நீங்கள் செய்யும்போது, பெயர் சொன்ன அக்காவின் பெயரையும் கேட்டு எழுதிவிடுங்கள்.