இதயத்தின் எழுத்தைப் படித்தவர்

திருப்பதியிலும் சித்தூரிலும் உள்ள மருத்துவமனைகளில், நெஞ்சுவலி என்று வருவோருக்கு இ.சி.ஜி. எடுப்பதைக் கண்டிருப்பீர்கள். கட்டமிட்ட தாளில் மேடும் பள்ளமுமாக ஓடும் அக்கோட்டுக்கு எழுத்துகளால் பெயரிட்டவர் வில்லெம் ஐந்தோவன்.

இவர் 1860ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், தமிழர் சாவகம் என்றழைத்த ஜாவாத் தீவில், செமராங் நகரில் பிறந்தார். மருத்துவரான தந்தை, இவருடைய ஆறாம் வயதில் காலமானார். தாய் தம் ஆறு பிள்ளைகளுடன் 1870இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் குடியேறினார். வறுமையால் இராணுவ உதவித்தொகை பெற்று மருத்துவம் பயின்ற ஐந்தோவன், 25ஆம் வயதில் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

இதயம் துடிக்குந்தோறும் மிகச் சிறிதளவு மின்சாரம் எழுகிறது. அதனை இலண்டனில் வாலர் என்பவர் 1887இல் பாதரசக் கருவியால் பதிவு செய்தார். பாதரசம் மெல்ல நகர்ந்தமையால் அலையின் உண்மை வடிவம் புலப்படவில்லை. ஐந்தோவன் அப்பிழையைக் கணக்கிட்டுத் திருத்தி, 1895இல் அலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டார்.

எனினும் கணக்கு மட்டும் போதுமா? நேரில் காண வேண்டுமே! உருக்கிய குவார்ட்சை அம்பில் ஒட்டி எய்து, மயிரினும் மெல்லிய இழையை உருவாக்கினார். அதற்கு வெள்ளி பூசி, மின்காந்தத்தின் இடையே பொருத்தினார். ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ள அக்கருவியை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். அது வரைந்த கோடு, அவர் முன்னரே கணக்கிட்ட வடிவத்தை ஒத்திருந்தது!

பி என்பது இதயத்தின் மேலறைகளில் மின்தூண்டல் பரவுவதைக் காட்டும். கியூ, ஆர், எஸ் மூன்றும் கீழறைகளில் அது பரவுவதைக் காட்டும். கீழறைச் சுவர் தடித்தது; ஆதலால் அம்முகடு பெரிது. டி என்பது கீழறைகள் மீண்டும் ஓய்வுநிலை அடைவதைக் குறிக்கும். ஒரு சிறு கட்டம் 0.04 நொடி. கியூ, ஆர், எஸ் அலைத்தொகுதி மூன்று சிறு கட்டங்களுக்குள் அடங்குவதே இயல்பு. அஃது அகன்றால், கீழறைகளில் மின்தூண்டல் வழக்கமான பாதையில் விரைந்து செல்லவில்லை என மருத்துவர் ஐயுறுவர்.

நோயாளிகளை ஆய்வுக்கூடத்திற்குக் கொணர இயலாமையால், 1905இல் 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையோடு கம்பியால் இணைப்பு ஏற்படுத்தினார். 1924இல் நோபல் பரிசு பெற்றார். 1927 செப்டம்பர் 29 அன்று மறைந்தார்.

இன்று அக்கருவி கைப்பெட்டியில் அடங்கிவிடுகிறது. அவர் இட்ட ஐந்து எழுத்துகளோ மாறவில்லை. அவற்றைப் படித்தே மருத்துவர் நாள்தோறும் உயிர்களைக் காக்கின்றனர்.