ஏமி ஜான்சன்: லண்டன் டு டார்வின், 19½ நாள்

போனில் ரெண்டு ஊர் பேரைத் தட்டினால் போதும், விமானத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்னு உடனே வந்துடும். லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குக் குறுக்கு வழியில் சுமார் 13,850 கி.மீ. 1930-ல் தனியாகக் கிளம்பிய ஏமி ஜான்சனுக்கு இந்தக் கணக்கு வேற மாதிரி வந்தது.

ஏமி 1903-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர். அப்பா மீன் வியாபாரி. படிச்சது பொருளாதாரம், பார்த்தது லண்டனில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிங் வேலை. ஓய்வு நேரமெல்லாம் ஃப்ளையிங் கிளப்பில்தான். பறக்கக் கத்துக்கிட்டதோட நிறுத்தலை. மெக்கானிக்குகளோட சேர்ந்து இன்ஜினைக் கழட்டி மாட்டிப் பழகி, 1929-ல் கிரவுண்ட் இன்ஜினியர் உரிமமும் வாங்கினார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

1930 மே 5, லண்டன் க்ராய்டன் விமான நிலையம். கையில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஜிப்சி மாத் விமானம், பேரு ஜேசன். அதுவரை அவர் போன அதிகபட்ச தூரம் லண்டன் டு ஹல், சுமார் 240 கி.மீ. இலக்கு, 1928-ல் பெர்ட் ஹிங்க்ளர் 15½ நாளில் போன சாதனையை முறியடிப்பது.

சின்ன டேங்க் என்பதால் நேர்கோட்டில் போக முடியாது. வியன்னா, பாக்தாத், கராச்சின்னு இறங்கி இறங்கிப் போனதில் தூரம் சுமார் 17,700 கி.மீ. ஆச்சு. ஜேசனின் வேகம் மணிக்கு 135 கி.மீ.ன்னு வெச்சா, பறக்கும் நேரம் மட்டும் அஞ்சரை நாள். மீதி நாளெல்லாம் தரையில்தான் போச்சு.

கராச்சிக்கு ஆறே நாளில் வந்து, ஹிங்க்ளரை ரெண்டு நாள் முந்தினார். அப்புறம்தான் சோதனை. பெட்ரோல் தீர்ந்து ஜான்சியில் ராணுவ மைதானத்தில் இறங்கியதில் இறக்கை அடிபட்டது. ரங்கூன் பக்கத்தில், மழையில் வழி தெரியாமல் இன்செய்னில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி மைதானத்தில் இறங்க, விமானம் பள்ளத்தில் போய் விழுந்தது. கல்லூரிப் பட்டறையிலேயே ரிப்பேர். முதல் உலகப்போரில் மிஞ்சிய விமானத் துணியில் யாரோ சட்டை தைச்சு வெச்சிருந்தாங்க. அந்தச் சட்டைகளைப் பிரிச்சுத்தான் இறக்கைக்கு ஒட்டுப் போட்டாங்க. உடைஞ்ச புரொப்பெல்லருக்குப் பதில், கூடவே கட்டி எடுத்து வந்த ஸ்பேர் இருந்தது.

மே 24-ல் டார்வின். 19½ நாள். சாதனை தவறிப்போச்சு. ஆனா இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் ஆனார்.

இரண்டாம் உலகப்போரில் விமானங்களைத் தளத்துக்குத் தளம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. 1941 ஜனவரி 5, பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் கிட்லிங்டனுக்கு. இதுவும் சுமார் 240 கி.மீ.தான், கூடிப்போனா ஒன்றரை மணி நேரம். மோசமான வானிலை. பல மணி நேரம் கழிச்சு, பாதையை விட்டு வெகுதூரத்தில், தேம்ஸ் கழிமுகத்தில் பாராசூட்டில் விழுந்தார். காப்பாற்றக் கடலில் குதித்த கப்பல் தலைவரும் இறந்துபோனார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை.

போன் காட்டும் நேரத்தில் மேகமும் இல்லை, பள்ளமும் இல்லை. நம்ம விமானம் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தா, அதுக்குப் பின்னாடி கிரீஸ் கையோட ஒரு இன்ஜினியர் இருக்கார்.