தோற்றவரும் வாழ வேண்டும்: சமரசம் பேசிய காந்தியடிகள்

ஆரணியை அடுத்த களம்பூர் போன்ற நெசவூர்களில் வழக்கு என்பது பெரும்பாலும் முன்பின் அறியாத இருவரிடையே எழுவதன்று. ஒருவர் தரும் பட்டையும் சரிகையையும் கொண்டு மற்றவர் நெய்கின்றார். ஒருவர் கொடுத்த முன்பணம் மற்றவர் தலைமேல் நிற்கின்றது. இத்தகையோரிடையே கூலி பற்றியோ கடன் பற்றியோ பிணக்கு நேர்ந்தால், ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதோடு செய்தி முடிந்துவிடுவதில்லை. மறுநாளும் அதே தறியில் பாவு ஓடியாக வேண்டும். தறி நின்றுவிட்டால் வென்றவர்க்கும் இழப்பே. இவ்வுண்மையை உணர்ந்து, இரு தரத்தாரையும் ஒரே பாயில் அமர்த்திப் பேசவைக்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் என்றும் இருந்து வந்துள்ளனர். அப்பணியின் அருமையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய ஒருவரை இங்கு நினைவுகூர விழைகின்றோம். நாடு முழுவதும் விடுதலை வீரராக அறிந்த காந்தியடிகளே அவர். அவரைச் சமரசம் பேசுபவராக நாம் அறிந்தது குறைவு.

நா எழாத வழக்கறிஞர்

1869 அக்டோபர் 2 ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, 1891 இல் இலண்டனில் பாரிஸ்டராகித் தாயகம் திரும்பினார். பம்பாயில் ஏற்ற முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர், நா எழாமல் அமர்ந்துவிட்டார். தொழிலில் நம்பிக்கை இழந்திருந்த வேளையில், தென்னாப்பிரிக்காவில் பெருவணிகம் நடத்திய தாதா அப்துல்லாவின் நிறுவனம் அவரை அழைத்தது. ஓராண்டுப் பணிக்கு 105 பவுன் ஊதியம். 1893 மே மாதம் அவர் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். பிரிட்டோரியாவுக்குச் செல்லும் வழியில் பீட்டர்மாரிட்சுபர்க்கில் இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கதையை யாவரும் அறிவோம். அப்பயணம் எவ்வழக்கிற்காக மேற்கொள்ளப்பட்டது என்பதை மட்டும் பலரும் மறந்துவிட்டோம்.

தாதா அப்துல்லா, பிரிட்டோரியாவிலிருந்த தையப் சேட்டின் மீது 40,000 பவுன் கோரி வழக்குத் தொடுத்திருந்தார். இருவரும் உறவினர், இருவரும் போர்பந்தரைச் சேர்ந்தவர். வழக்கின் உயிர் கணக்கேடுகளில் இருப்பதைக் கண்ட காந்தி, தாம் அறியாத கணக்கியலை நூல் வாங்கிப் பயின்றார். ஏடுகளை வரிவரியாகப் படித்தபின், தம் கட்சிக்காரர் பக்கமே நியாயம் வலுவாக உள்ளது என்பது அவர்க்குத் தெளிவாயிற்று. வழக்கு நீண்டால் வழக்கறிஞர் கட்டணமே இரு வீட்டையும் விழுங்கிவிடும் என்பதும் உடன் தெளிவாயிற்று.

வெல்லக்கூடிய வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு சமரசம் பேசப் புகுவது எளிதன்று. காந்தி தையப் சேட்டை நேரில் சென்று கண்டார். தம் கட்சிக்காரரிடமும் மன்றாடினார். இறுதியில் இருவரும் நடுவர் ஒருவரை ஏற்றனர். தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்கே சார்பாக அமைந்தது. தையப் சேட் 37,000 பவுனும் செலவுத் தொகையும் தர வேண்டியதாயிற்று.

பிறர் வெற்றி என்று எண்ணி விலகும் இவ்விடத்தில்தான் காந்தியின் உண்மையான பணி தொடங்கியது. அத்தொகையை ஒரே தவணையில் செலுத்த தையப் சேட்டால் இயலாது. அங்கு வாழ்ந்த போர்பந்தர் மேமன் வணிகர்களோ நொடித்துப்போவதைவிடச் சாவதே மேல் எனக் கருதியவர்கள். முழுத்தொகையையும் தர அவர் ஒருப்பட்டார்; காலம் மட்டுமே வேண்டினார். நீண்ட காலத் தவணைக்குத் தாதா அப்துல்லாவை இணங்கச் செய்வது, அவரை நடுவர் முன் வரச் செய்ததைவிடக் கடினமாக இருந்தது. எனினும் அவர் இணங்கினார். கடன் கொடுத்தவர் பணம் பெற்றார். பட்டவர் மானம் காத்தார். இருவர் மதிப்பும் ஊரில் உயர்ந்தது. அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொழில் செய்த காந்தி, நூற்றுக்கணக்கான வழக்குகளை இவ்வாறே நீதிமன்றத்திற்கு வெளியே முடித்துவைத்தார்.

தமிழரின் கண்ணீர்

அடுத்த நிகழ்ச்சி தமிழராகிய நம் நெஞ்சைத் தொடுவது. டர்பனில் வெள்ளையர் ஒருவரிடம் ஒப்பந்தக் கூலியாக உழைத்த பாலசுந்தரம், முதலாளியின் அடியால் முன்பற்கள் உடைந்து, இரத்தம் தோய்ந்த ஆடையும் கையில் ஏந்திய தலைப்பாகையுமாகக் காந்தியின் முன் வந்து நின்றார். காந்தி முதலில் அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் செய்தார். மருத்துவச் சான்றும் பெற்றார். நீதிபதியும் முதலாளிக்கு அழைப்பாணை பிறப்பித்தார். ஆயினும் முதலாளி தண்டனை பெறுவதால் பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் நீங்கிவிடாது. ஆகவே காந்தி முதலாளியிடமே பேசி ஒப்பந்தத்தை மாற்றித்தர இசைவு பெற்றார். புதிய முதலாளி ஒருவரையும் தாமே தேடிக் கொடுத்தார்.

நெசவாளர் நடுவே

1918 இல் அகமதாபாத் ஆலைகளில் எழுந்த கூலிப் பிணக்கு நெசவூராராகிய நமக்கு நெருக்கமானது. கொள்ளைநோய்க் காலத்தில் வழங்கிய மிகையூதியத்தை ஆலையதிபர்கள் நிறுத்த முனைந்தனர். தொழிலாளர் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர். அதிபர்கள் 20 விழுக்காட்டிலேயே நின்றனர். அதிபர்களின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவரோ அவருடைய தமக்கை அனசூயா. விலைவாசியையும் ஆலைகளின் நிலையையும் ஆராய்ந்த காந்தி, 35 விழுக்காடே நேர்மையானது என வகுத்து, தொழிலாளரை 50 இலிருந்து இறங்கச் செய்தார். வேலைநிறுத்தம் நீண்டு உறுதி தளர்ந்தபோது அவர் உண்ணாநோன்பு மேற்கொண்டார். மூன்றாம் நாள் உடன்பாடு பிறந்தது. ஆனந்தசங்கர் துருவா நடுவராகி, பின்னர் 35 விழுக்காட்டையே தீர்ப்பாக அளித்தார்.

இங்கு காந்தி மறைக்காத குறை ஒன்றுண்டு. தம் நோன்பு, அன்புடைய நண்பர்களாகிய அதிபர்கள் மீது நெருக்குதலாக அமைந்துவிட்டதை அவரே ஒப்புக்கொண்டார். இசைவு மனம் கனிந்து வரவேண்டும். அச்சத்தாலோ தாட்சண்யத்தாலோ வரலாகாது. ஊர்க்கட்டுப்பாடு, ஒதுக்கிவைத்தல் என்னும் கருவிகளைக் கொண்டு இணங்கவைப்பதைச் சமரசம் என்று அழைப்பவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இறுதிப் பாடம்

1947 ஆகஸ்டில், கலவரம் மூண்ட கல்கத்தாவில், காந்தி சுஹ்ரவர்தியோடு ஒரே வீட்டில் தங்கினார். செப்டம்பர் முதல் நாள் தொடங்கிய நோன்பை, பல சமயத் தலைவர்களும் அமைதி காப்பதாக எழுதித் தந்தபின், 4 ஆம் நாள் முடித்தார். சில மாதங்களில், 1948 சனவரி 30 ஆம் நாள், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2023 இல் நாடாளுமன்றம் இயற்றிய சமரசச் சட்டம், ஊராரிடையே அமைதியைக் குலைக்கும் பிணக்குகளை மூவர் குழுவைக் கொண்டு தீர்க்கத் தனிப்பகுதி வகுத்துள்ளது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். திருக்குர்ஆனும் பிணங்கியோரிடையே இணக்கம் செய்தலை நற்செயலாகப் போற்றுகின்றது. நெறியும் சட்டமும் நம்மிடம் உள்ளன. வேண்டுவது ஆட்கள். கணக்கேட்டைப் பொறுமையாகப் படிப்பவர், தம் ஆதாயத்தை மறப்பவர், தீர்ப்புக்குப் பின்னும் தோற்றவர் வீட்டு வாயிலுக்குச் சென்று தவணைக்கு வழி பேசுபவர் நம் ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும். இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களிலிருந்து அத்தகையோர் எழுவார்களாயின், களம்பூரின் தறிகள் ஓயாமல் ஒலிக்கும் என நம்புகின்றோம்.